ஆடிட்டர் சாமியின் போர்டு மூடியிருந்த வருஷம்

சித்தூர் பஜார் தெருவில் என் கடைக்கு வழி கேட்டால் ஒருவரும் என் பேரைச் சொல்ல மாட்டார்கள். "ஆடிட்டர் போர்டு தொங்குதே, அதுக்குக் கீழ போ" என்பார்கள். கற்பூரம், மஞ்சள், துளசிமணி, விளக்குத் திரி விற்கிற கடை. மாடியில் ஆடிட்டர் வெங்கடராகவன் சாமியின் ஆபீஸ். மாடிப்படி என் கடையை ஒட்டித்தான் ஏறுகிறது. காலையில் நான் பெருமாள் படத்துக்கு விளக்கேற்றுகிற நேரத்துக்கு அவர் வருவார். படிக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போவார். ஆரம்பத்தில் ஒரு நாள், "இன்னா சாமி, செருப்புக்கு வலிக்குமா?" என்று கேட்டேன்.

"விளக்கு எரியற இடத்தைத் தாண்டிப் போறேனே, தாமோதரா" என்றார்.

அதற்குப் பிறகு அவரை நான் கேலி செய்யவில்லை. ஆனால் தெரு கேலி செய்யும். காரணம், எதையும் ஒரு தடவை சரிபார்க்காமல் அவரால் விட முடியாது. ஆபீசைப் பூட்டிவிட்டுத் தெருவுக்கு இறங்குவார். மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். என் கடைக் கடிகாரத்தைப் பார்ப்பார், தன் கடிகாரத்தைப் பார்ப்பார், ரயில் ஊதியதும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். காப்பி வந்தால் முதலில் ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். சரி என்று பட்டால்தான் மீதி உள்ளே போகும். அவர் வீட்டு அம்மா யதுகிரி ஒரு முறை வெள்ளிக்கிழமைச் சாமான் வாங்க வந்தபோது என்னிடம் சொல்லிச் சிரித்தார்:

"நான் பண்ற சாத்தமுதை ஒரு நாளாவது நேரா சாதத்துல விட்டுண்டிருக்காரா, கேளுங்கோ. விரலால தொட்டு நாக்குல வெச்சுப் பார்க்கணும். இவர் ஆடிட் பண்ணாம எங்காத்துல ரசம்கூட இறங்காது."

அந்த விரலைத்தான் நான் சொல்ல வந்தேன். அந்த விரலைப் பெருமாள் ஒரு வருஷம் கட்டிப்போட்டார்.

சாமி பிறந்த வீடு திருப்பதியில் இருந்தது. கீழ்த் திருப்பதியில் ஒரு சந்துக்குள் சின்ன வேணுகோபாலர் கோயில் உண்டு. அந்தக் கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்வது அவர்கள் வம்சத்து உரிமை. அப்பாவுக்குப் பிறகு அண்ணா ஸௌரிராஜ ஐயங்கார் அந்த அடுப்பை வாங்கிக்கொண்டார். தம்பிக்குப் படிப்பு வருகிறது என்று கண்டதும், கோயில் வேலை போக மீதி நேரத்தில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போய், தம்பியை மதராசுக்கு அனுப்பி ஆடிட்டர் ஆக்கினார். அண்ணாவுக்குப் பிள்ளை இல்லை. அடுப்பும் தம்பியும்தான் அவருடைய இரண்டு பிள்ளைகள் என்று மன்னி மரகதவல்லி அம்மா சொல்வாராம்.

மார்கழி மாசத்துக் காலைக் குளிரில் கோயில் கிணற்றடியில் அண்ணா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஒரு வருஷம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கோயில் கமிட்டியார் நல்லவர்கள்தான். ஆனால் பெருமாளைப் பட்டினி போட முடியுமா? "உங்க வம்சத்துல ஒருத்தர் வந்து செஞ்சா இடம் உங்களோடது. இல்லைன்னா வெளியாளை வெப்போம். வெச்சப்புறம் அவனைப் போன்னு சொல்ல மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். வம்சத்தில் மிச்சம் இருந்தது ஒருவர்தான். அவர் சித்தூரில், என் தலைக்கு மேலே உட்கார்ந்து வரவு செலவு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் யோசிக்கவே இல்லை. போவது என்று அன்றைக்கே முடிவு. அவர் யோசித்தது வேறு ஒன்றை. ஆடிட்டர் தொழில் செய்ய டில்லியில் இருக்கிற கணக்காளர் சங்கம் ஓர் அனுமதிப் பத்திரம் கொடுத்திருக்கிறது. அது கையில் இருக்கிறவரை வேறு இடத்தில் சம்பளத்துக்கு உத்தியோகம் பார்க்கக் கூடாது. மடைப்பள்ளிக்குச் சம்பளம் உண்டு, அரிசியும் உண்டு. ஆகையால் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கரண்டியைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னார்.

இந்தப் பேச்சு நடந்தது என் கடை வாசலில். பங்காருபாளையம் மாங்காய் மண்டி கோவர்த்தனன் வந்திருந்தார். சாமியிடம் வெகு நாளாகக் கணக்குக் காட்டுகிறவர். குரல் பெரிசு, மனசும் பெரிசு.

"சாமி, நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது. திருப்பதியில அடுப்பு எரியறதை டில்லிக்காரன் வந்து பாக்கப் போறானா? விடியக்காலையில அங்க பொங்கல் வையுங்க. மத்தியானம் பஸ் ஏறி வந்து இங்க கையெழுத்துப் போடுங்க. எவன் கேக்கப் போறான்?"

"உன் மண்டியில எடைக்கல்லை எவன் தூக்கிப் பாக்கப் போறான்னு ஒரு நாள் கேட்டியே, கோவர்த்தனா, நான் என்ன சொன்னேன்?"

"அதை இன்னாத்துக்கு சாமி இப்ப இழுக்கறீங்க? அந்தக் கல்லைத்தான் மாத்திட்டேனே!" என்று கோவர்த்தனன் தலையைச் சொறிந்தார். பிறகு விடாமல், "சரி, சம்பளமே வாணாம்னு சொல்லிடுங்க. பெருமாளுக்குச் சும்மா செய்யறேன்னு செய்யுங்க. அப்ப அது உத்தியோகம் ஆவாது இல்ல? இன்னா நைனா, நான் சொல்றது?" என்று என்னைப் பார்த்தார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சாமி படியில் உட்கார்ந்து கொண்டார்.

"அதையும் நினைச்சுப் பார்த்தேன். நான் ஒரு வருஷம் இனாமாச் செஞ்சா, அடுத்த வருஷம் கமிட்டிக்காரா செலவுத் திட்டம் எழுதறச்சே, மடைப்பள்ளிக்குப் போன வருஷம் செலவே ஆகலையேன்னு அந்த வரியையே அடிச்சுடுவா. அண்ணா எழுந்து வந்தா அடுப்பு இருக்கும், சம்பளம் இருக்காது. இந்த வேலையை நான் எத்தனை ஆபீஸ்ல பார்த்திருக்கேன்! அவர் இடத்துல உட்காரறவன் அவர் சம்பளத்தையும் வாங்கித்தான் ஆகணும்."

நான்தான் கேட்டேன்: "அப்ப ஆடிட்டர் பட்டம் போயிடுமா சாமி?"

"பட்டம் எங்கேயும் போகாது. சங்கத்துப் புஸ்தகத்துல பேர் இருக்கும். தொழில் பண்ற அனுமதி மட்டும் தூங்கும். எழுப்பினா எழுந்துக்கும்."

"எழுந்துக்குமா?"

"அனுமதி எழுந்துக்கும். தொழில் எழுந்துக்குமாங்கறதுதான்..." என்று ஆரம்பித்துக் கோவர்த்தனனைப் பார்த்தார். கோவர்த்தனன் கீழே குனிந்து துளசிமணியைக் கையில் எடுத்து விலை கேட்டார். வாங்கவில்லை.

அதுதான் விஷயம். ஒரு வருஷம் கணக்குப் பார்க்காமல் மண்டிக்காரரும் மில்காரரும் இருக்க முடியாது. வேறு ஆடிட்டரிடம் போகத்தான் வேண்டும். போனவர்கள் திரும்பி வருவார்களா? ஐம்பது வயசு தாண்டிய மனுஷர், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க முடியுமா? இது எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

சாமி டில்லிக்கு எழுதினார். என்ன வேலைக்குப் போகிறீர் என்ற கேள்விக்குச் 'சமையல்' என்று எழுதினாராம். ஓட்டல் வைக்கப் போகிறீரா என்று சங்கத்திலிருந்து கேட்டு வந்தது. இல்லை, ஒருவருக்கு மட்டும்தான் சமைக்கப் போகிறேன் என்று பதில் எழுதியதாகச் சொல்லிச் சிரித்தார். அதன்பின் சங்கத்தார் ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த கணக்குகளை எல்லாம் மார்ச்சுக்குள் முடித்துக் கொடுத்துவிட்டு, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அனுமதி தூங்குவதாக ஏற்பாடு. அதுவரை பக்கத்துக் கோயிலிலிருந்து தளிகை வரக் கமிட்டியார் ஒத்துக்கொண்டார்கள்.

புறப்படுகிற அன்று, "தாமோதரா, போர்டைக் கழட்டி உள்ளே வெச்சுடு. தொழில் பண்ணாதவன் போர்டு மாட்டப்படாது" என்றார்.

அந்தப் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ் என்று இரண்டு வரிசையாக இருந்தது. ஆந்திர ராஜ்யம் பிறந்த வருஷம் தெலுங்கு வேண்டும் என்று சிலர் வந்து கேட்டார்கள். சாமி சந்தோஷமாக நடுவில் தெலுங்கு எழுதச் சொன்னார். தமிழை எடுக்கச் சொன்னபோது மட்டும், "தமிழ்ல கணக்கு எழுதறவா இன்னும் வரா. அவா எதைப் பார்த்துப் படியேறுவா?" என்றார். அவர்களும் தெலுங்கில் "சரேலே", சரி போகட்டும், என்று போய்விட்டார்கள். மூன்று பாஷை அடைசலாகி, தூரத்திலிருந்து பார்த்தால் மளிகைக் கடை விலைப் பலகை மாதிரி இருக்கும். ஆனால் அதன் கீழேதான் என் பிழைப்பு. அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

எங்கள் ஊர் நகரி பக்கம். முந்தின வருஷம்தான் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் திருப்பணிக்காகப் பாலாலயம் செய்திருந்தார்கள். சந்நிதியில் வேலை நடக்கிறபோது, பெருமாளின் சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கி, அத்திமரத்தில் செய்த சின்ன உருவத்துக்கு மாற்றி, பக்கத்தில் கொட்டகையில் வைத்து அங்கே பூஜை நடக்கும். சந்நிதியைத் திரை போட்டு மூடிவிடுவார்கள். பெருமாள் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று யாரும் சொல்வதில்லை. வேலை முடிந்ததும் திரையை எடுத்து, பழைய இடத்துக்கே அழைத்துக்கொள்வார்கள்.

"கழட்ட வாணாம் சாமி. துணி போட்டு மூடிட்டா போதாதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒருத்தராலும் படிக்க முடியாம இருந்தா சரிதான்" என்றார். உடனே, "காத்துல துணி தூக்காம நாலு பக்கமும் கட்டு" என்றும் சொன்னார். நான் கட்டி முடித்த பிறகு ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அன்றைக்கு ஏப்ரல் முதல் தேதி. எல்லைச் சண்டை தீர்ந்து, திருத்தணி மதராசுக்கும் சத்தியவேடு ஆந்திராவுக்கும் மாறியதும் அதே தேதிதான். தெருவுக்கு அது போதும். பொழுது சாய்வதற்குள், "மெட்ராஸ்காரன் குடுத்த லைசென்சாம், எல்லையோட போச்சாம்" என்று பேச்சு வந்துவிட்டது. மறுநாள், "சாமியையே திருத்தணிப் பங்கில சேர்த்துட்டாங்களாம்" என்றார்கள். திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட என் அக்காளே ஆள் விட்டுக் கேட்டாள், உங்க ஆடிட்டர் எங்க ஊருக்கு எப்போ வராரு என்று.

ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்தது. அனுமதி, பத்திரம், சங்கம் என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில், "பாலாலயம் பண்ணி வெச்சிருக்குது" என்று சொன்னேன். உடனே விளங்கிவிட்டது. "அப்படிச் சொல்லு!" என்று போய்விட்டார்கள்.

சொன்ன வாய்க்குத் தகுந்தபடி செய்ய வேண்டாமா? போர்டுக்குக் கீழே ஒரு சின்னச் சொம்பில் தண்ணீர் வைத்து, மேலே மாவிலை செருகினேன். என் பெருமாளுக்குக் காட்டுகிற கற்பூரத்தை அந்தப் பக்கமும் ஒரு சுற்று காட்டினேன். தப்பாக எதுவும் நினைக்கவில்லை. அந்த மனுஷர் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

தயிர்க்காரி பொன்னியம்மாள் இதைப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் சாமி இருக்கிறார் என்று நான் சொன்னது அவள் காதில் எப்படி விழுந்ததோ, கூடையை இறக்கிவைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று துணி ஓரத்தில் மஞ்சள் கயிறு கட்டினாள். ஆவணியில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பிறகு கேட்க வேண்டுமா? தெருவில் போகிறவர்களில் பத்துக்கு ஒருவராவது நின்று கும்பிட்டுப் போக ஆரம்பித்தார்.

இதற்கு நடுவில் நான் ஒரு முறை மலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கும்போது, சந்துக்குள் போய்ச் சாமியைப் பார்த்தேன். மடைப்பள்ளி வாசலில் நின்று கூப்பிட்டேன். வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, நெற்றி எல்லாம் கரியாக ஒருவர் எட்டிப் பார்த்தார். கண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

தளிகை சமர்ப்பித்த பிறகு வெளியே வந்து உட்கார்ந்தார்.

"முதல் மாசம் பட்ட பாடு கேளு, தாமோதரா. பெருமாளுக்கு முன்னாடி யாரும் ருசி பார்க்கப்படாது. வாசனைகூடப் பிடிக்கப்படாது, அதுக்குத்தான் இந்தத் துணி. உப்புப் போட்டுட்டு, சரியா இருக்கான்னு பார்க்க வழியே இல்லை. விரல் தானா வாய்கிட்டே போகும், துணி தடுக்கும். சித்தூர்லேருந்து சின்னத் தராசைக் கொண்டுவந்து உப்பை நிறுத்துப் போட்டேன்."

"அப்பறம் இன்னா கவலை?"

"உப்பு ஒரு நாள் காஞ்சிருக்கு, ஒரு நாள் ஈரமா இருக்கு. நிறை ஒண்ணு, ருசி ரெண்டு. ஒரு நாள் பொங்கலை வாங்கிண்டு போன மாமி திரும்பி வந்து, 'பெருமாளுக்கு இன்னிக்கு தாகமா இருக்கும், ரெண்டு சொம்பு தீர்த்தம் கூடச் சமர்ப்பியுங்கோ'ன்னு சொல்லிட்டுப் போனா."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"அண்ணா படுத்துண்டே கேட்டார். 'தராசை ஆத்துலேயே வெச்சுட்டுப் போடா. அவர் நாக்குன்னு நினைச்சுண்டு கையால அள்ளிப் போடு'ன்னார். அதை எப்படி அண்ணா சரிபார்க்கறதுன்னு கேட்டேன். 'பார்க்கவே கூடாதுன்னுதானேடா வெச்சிருக்கு'ன்னுட்டார்."

"இப்ப எப்படி போய்க்கினு இருக்குது?"

"சாப்பிட்டுட்டு நீயே சொல்லு" என்று ஒரு தொன்னையில் பொங்கல் கொடுத்தார். நெய்யும் மிளகுமாக, உப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் சரியாக இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் வீட்டைப் பார்க்கச் சித்தூர் வந்தவர், தெருமுனையிலிருந்தே என் கடை வாசலில் கும்பலைப் பார்த்துவிட்டார். மூடிய போர்டுக்கு ஒருவர் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். சாமி நேரே என்னிடம் வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் பாதியில் சிரிப்பாகிவிட்டது.

"என்னடா இது? சங்கத்துக்காரா பார்த்தா என்ன எழுதுவா தெரியுமா? தொழிலை நிறுத்தறேன்னு சொல்லிட்டு, கடவுளாத் தொழில் பண்ணிண்டிருக்கான்னு எழுதுவா!"

"எல்லாரும் கும்பிடறது உங்களை இல்ல சாமி. உள்ள இருக்கறதை."

"உள்ளே இருக்கறது என் பேரும் மூணு பாஷையும்டா!"

பொன்னியம்மாள் கூடையோடு நின்றிருந்தவள், "எதுவா இருந்தா இன்னா சாமி? என் பொண்ணுக்கு நல்லது நடந்துச்சு" என்றாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு என் கடையிலேயே ஒரு வேணுகோபாலர் படம் வாங்கி, துணிக்கு முன்னால் தன் கையால் மாட்டினார். "இனிமே கும்பிடறவா இவரைக் கும்பிடட்டும்" என்றார். ஆணி பலமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கே அது என் கண்ணில் பட்டது. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தை பிறந்தது. அண்ணா கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று செய்தி வந்தது. கற்பூரம் கொடுக்கிற சாக்கில் ஓடினேன். போனால் சாமி சந்தோஷமாக இல்லை. கோயில் குளத்துப் படிக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார். அண்ணாவால் நடக்க முடியும். ஆனால் அந்தப் பெரிய வெண்கலப் பானையை இனி இறக்க முடியாது. கமிட்டித் தலைவர் வந்து, "ஆடிட்டர்காரு, மீரே உண்டிப்போண்டி. நீங்களே இருந்துடுங்க. அடுப்பும் ஆச்சு, கோயில் கணக்கும் ஆச்சு" என்று கேட்டிருக்கிறார். அண்ணா அதைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

சாமி படியில் உட்கார்ந்தார்.

"இருக்கணும்னுதான்டா ஆசையா இருக்கு. ஆயுசு பூரா மத்தவா எழுதினதைச் சந்தேகப்பட்டே சாப்பிட்டேன். அங்கே அடுப்புக்கு முன்னாடி சந்தேகப்பட வழியே இல்லை. கையை விட்டுப் போச்சுன்னா அவருக்குப் போயாச்சு. ராத்திரி படுத்தா தூக்கம் வரது. சித்தூர்ல பூட்டை நினைச்சுண்டே படுப்பேன்."

அண்ணாவுக்கு அடுப்பைக் காப்பாற்றிக் கொடுக்க வந்தவர் கையிலேயே அடுப்பு தங்கிவிடும் போல இருந்தது. சித்தூரிலோ போர்டு மூடிக்கிடக்கிறது, கோவர்த்தனன் உட்பட எல்லோரும் வேறிடம் போய்விட்டார்கள். இருந்துவிடுங்கள் என்று சொன்னால் அண்ணாவுக்குப் பாவம். வந்துவிடுங்கள் என்று சொன்னால் அது என் கடைக்காகச் சொன்னது போல ஆகிவிடும். "பெருமாள் இன்னா சொல்றாரோ" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கமிட்டி கூடியது. நானும் தூணோரம் நின்றேன். சாமி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கப்பா கடைசிக் காலத்துல எழுந்து நிற்கக்கூட முடியாம இருந்தார். அப்போ பானையை இறக்கினது யார்?"

கமிட்டியில் இருந்த ஒரு வயசானவர், "கூடமாட இருந்த பரிசாரகன்தான் இறக்குவான். உங்க நைனா மணையில உக்காந்து அடுப்பை மூட்டுவாரு, உப்புப் போடுவாரு, கிளறுவாரு" என்றார்.

"அப்போ பெருமாள் எங்க வம்சத்துக்கிட்டே கேட்டது கையைத்தானே? தோளை இல்லையே? அண்ணாவோட கை நன்னாத்தான் இருக்கு."

தலைவர் சிரித்துவிட்டார். "ஆடிட்டர்கிட்ட வாயைக் குடுத்தா தப்ப முடியுமா?" என்றார். பானை இறக்க ஒரு ஆளைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. சாமி உட்கார்ந்தார். தனக்குப் பிடித்த வேலையிலிருந்து தன்னைத் தானே வாதாடி வெளியேற்றிக்கொண்ட மனுஷரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போனதும் அண்ணா சுவரை விட்டுத் திரும்பி, "தம்பி, நாளைக்கு நானே வரேன். கோலை எடு" என்றாராம். மரகதவல்லி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

அடுத்த ஏப்ரலில் அனுமதி எழுந்தது. சாமி சித்தூர் வந்தார். போர்டுத் துணியை எடுக்கிற அன்று நான் சும்மா இருப்பேனா? ஊரில் செய்தது போலச் சொம்புத் தண்ணீரைப் போர்டுக்கு அபிஷேகம் செய்யலாம் என்று ஏணி போட்டேன்.

"துணியை எடு. தண்ணி ஊத்தாதே, எழுத்துப் போயிடும்" என்றார்.

தண்ணீரைத் துளசிச் செடிக்கு விட்டேன். துணியைப் பொன்னியம்மாள் விடவில்லை. இரண்டாவது மகளுக்கு வேண்டும் என்று ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனாள். வேணுகோபாலர் மட்டும் போர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று விட்டோம்.

காலை பஸ்ஸில் திருப்பதியிலிருந்து கண்டக்டர் ஒரு எவர்சில்வர் தூக்கு கொண்டுவந்து கொடுத்தார். அண்ணா அனுப்பிய பிரசாதம். சாமி படியில் உட்கார்ந்து திறந்தார். பொங்கல் இன்னும் சூடாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. ஒரு பெரிய கவளமாக எடுத்து நேரே வாயில் போட்டுக்கொண்டார்.

மென்றுகொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது.

"இன்னா சாமி, உப்பு அதிகமா?"

"உப்பெல்லாம் சரியா இருக்கு. லேசா அடி பிடிச்சிருக்கு. உட்கார்ந்துண்டு கிளறியிருக்கார், கை அடி வரைக்கும் எட்டலை." இன்னொரு கவளம் எடுத்தார். "பரவாயில்லை. பெருமாள் சாப்பிட்டுட்டாரே."

எனக்கும் ஒரு கை கொடுத்தார். மீதியைப் பொன்னியம்மாளுக்கும் கண்டக்டருக்கும் பங்கிட்டார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

பழைய ஆட்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று எழுதினால் பொய்யாகும். மில்காரர்களில் பலர் புதிய இடத்திலேயே நின்றுவிட்டார்கள். மாடியில் இரண்டு மேஜை இருந்தது ஒன்றாகிவிட்டது. ஆனால் அன்று உச்சிவேளைக்கு முன், மாங்காய் வாசனையோடு ஒரு பெரிய குரல் என் கடை வாசலில் வந்து நின்றது. கோவர்த்தனன் கக்கத்தில் கணக்கு மூட்டை வைத்திருந்தார். போர்டை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது போர்டுக்கா, வேணுகோபாலருக்கா என்று நான் கேட்கவில்லை.

"இன்னா நைனா, சாமி மேல இருக்காரா?"

"இருக்காரு. கையைக் கழுவிக்கினு இருக்காரு. செருப்பைக் கழட்டிட்டுப் போ."